என்சான்ட்மென்டை ஏன் எல்லாரும் முதலில் வெட்டுகினம்?

போன ஸ்டடி லீவில் எங்கட போர்டிங்கில் இரவு இரண்டு மணி வரை ஒரு சண்டை நடந்தது. பரீட்சைக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. ஆனால் சண்டை பரீட்சையைப் பற்றியது இல்லை. ஒரு ஏ4 தாளின் அடியில் இருந்த இரண்டு வெறும் கோடுகளைப் பற்றியது. ஒன்றுக்குப் பக்கத்தில் ‘விடும் துறை 1’ என்றும் மற்றதுக்குப் பக்கத்தில் ‘விடும் துறை 2’ என்றும் பேனையால் எழுதியிருந்தோம். அங்கே எதை நிரப்புவது என்பதுதான் பிரச்சினை. நாங்கள் நாலு பேர் அறைக்குள், இரண்டு பேர் ஹொஸ்டலில் இருந்து வட்ஸ்அப் கோலில். வீட்டுக்கார அன்ரி கதவைத் தட்டி, "பிள்ளையள், படிக்கிறியளோ சண்டை பிடிக்கிறியளோ?" என்று கேட்ட பிறகுதான் குரல் இறங்கியது. "குறூப் ஸ்டடி அன்ரி" என்றோம். முழுப் பொய்யும் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி இருந்து கதைத்து விளையாடும் விளையாட்டு. கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்டது. ஒருவர் உலகத்தைச் சொல்லுவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்லுவார்கள், சந்தேகமான இடத்தில் டைஸ் தீர்ப்புச் சொல்லும். உங்களில் கனபேருக்கு 2023இல் வந்த போல்டர்ஸ் கேட் 3 மூலமாக இது தெரிந்திருக்கும். நாங்கள் விளையாடுவது அதை விடப் பழசு, 2003இல் வந்த 3.5 பதிப்பு. பழசின் மேல் காதல் என்று நினைக்க வேண்டாம். அதன் அடிப்படை விதிகள் திறந்த உரிமத்தில் இலவசமாக வெளிவந்தவை, போனிலேயே வாசிக்கலாம். புத்தகம் வாங்க எங்களிடம் காசில்லை. இருபது முக டைஸ்கூட, கனடாவில் இருந்து வந்த ஒரு மச்சாளின் பைக்குள் வந்து சேர்ந்த ஒரேயொரு செட் தான். ஆறு பேருக்கும் அதுதான்.

இந்த விளையாட்டில் மந்திரங்கள் எட்டுத் துறைகளாகப் பிரிந்திருக்கும். அப்ஜுரேஷன், கொன்ஜுரேஷன், டிவினேஷன், என்சான்ட்மென்ட், எவொகேஷன், இலூஷன், நெக்ரொமன்சி, டிரான்ஸ்மியூட்டேஷன். எங்கட மேசையில் தமிழில் விளையாடுகிறபடியால் இவற்றுக்குப் பெயர் வைக்கப் பார்த்தோம். காப்பு, அழைப்பு, குறி, வசியம், வீச்சு, மாயம், சாவு, உருமாற்றம். எவொகேஷனுக்கு ‘ஏவல்’ வைப்போம் என்று ஒருவன் நின்றான். ஆனால் எங்கட ஊரில் ஏவல் என்றால் ஒன்றைக் கூப்பிட்டு இன்னொருவர் மேல் விடுவது, அது கொன்ஜுரேஷனுக்குத்தான் கிட்ட. நெருப்பையும் மின்னலையும் வெறுங்கையால் வீசுவதை என்னவென்று சொல்வது? கடைசியில் ‘வீச்சு’ என்றானது. வசியம் மட்டும் சண்டையே இல்லாமல் பொருந்தியது.

சாதாரண மந்திரவாதி எட்டையும் படிக்கலாம். ஒரு துறையில் ‘ஸ்பெஷலிஸ்ட்’ ஆகிறவருக்கு ஒவ்வொரு மந்திர மட்டத்திலும் நாளுக்கு ஒரு மந்திரம் கூடக் கிடைக்கும், அது அந்தத் துறை மந்திரமாக இருக்க வேணும். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் முதலாம் லெவலில், புத்தி 16 உள்ள மந்திரவாதிக்கு நாளுக்கு இரண்டு முதல் மட்ட மந்திரம்தான். அது மூன்றாகிறது. அதற்குக் கூலியாக வேறு இரண்டு துறைகளை விட வேணும். டிவினேஷன்காரர் மட்டும் ஒன்றை விட்டால் போதும், டிவினேஷனை ஒருவரும் விட ஏலாது. விட்டது விட்டதுதான். அந்தத் துறை மந்திரம் சுருளில் எழுதிக் கிடந்தாலும், மந்திரக்கோலுக்குள் இருந்தாலும், அவருக்கு அது பயன்படாது. முதலாம் லெவலிலேயே தீர்மானிக்க வேணும், பிறகு மாற்றமும் இல்லை.

எதை விடுவது என்று இணையத்தில் தேடினால் வரும் பதில்களில் மூன்று பெயர்தான் திரும்பத் திரும்ப அடிபடும்: என்சான்ட்மென்ட், எவொகேஷன், நெக்ரொமன்சி. கணக்கு இப்படிப் போகும். என்சான்ட்மென்ட் மனதைப் பிடிக்கிற மந்திரம். எழுப்பப்பட்ட பிணம், இயந்திரப் பொம்மை, செடி, பூச்சி, கூழ்ப்பிராணி ஒன்றுக்கும் அது பிடிக்காது. மனிதருக்குப் பிடித்தாலும், ப்ரொடெக்ஷன் ஃப்ரம் ஈவில் என்ற முதல் மட்ட மந்திரமே மற்றவர் ஒருவரின் மனதை ஆளுவதைத் தடுத்துவிடும். ஆகவே வெட்டு. எவொகேஷன் நெருப்பும் மின்னலும். அடி கொடுக்கத்தான் வேணும் என்றால் கொன்ஜுரேஷனில் அசிட் அம்பு இருக்கு, 2004இல் வந்த கொம்ப்ளீட் ஆர்கேன் புத்தகத்தில் வரிசையாக உருண்டை மந்திரங்களும் இருக்கு. போதாதற்கு இலூஷனில் ஷடோ எவொகேஷன் என்று ஒன்று, நிழலால் எவொகேஷனைப் போலி பண்ணும். எதிரி நம்பாவிட்டால் ஐந்தில் ஒரு பங்குதான் உறைக்கும் என்றாலும் போலி கையில் இருக்கும். ஆகவே அதையும் வெட்டு. கொன்ஜுரேஷனையும் டிரான்ஸ்மியூட்டேஷனையும் மட்டும் தொடாதே, அதில்தான் எல்லாம் கிடக்கு.

கணக்கில் பிழையில்லை. நாங்களும் சரிபார்த்தோம். எங்கட பிரச்சினை கேள்வியில்தான். ‘எது போனால் குறைவாக நோகும்?’ என்று கேட்டு விடுவதை, ஒன்றை விட்டதாகவே எங்களால் எடுக்க ஏலாமல் இருக்கு. வீடு மாறும்போது பழைய பேப்பரைக் கட்டிப் போட்டுவிட்டு ‘தியாகம் செய்தேன்’ என்று சொல்வது மாதிரி. அந்த இரண்டு கோடுகள்தான் அந்தத் தாளிலேயே உயிருள்ள இடம் என்று நினைக்கிறோம். அந்த இடத்தைக் குப்பைக்கூடை ஆக்கிவிட்டார்கள்.

இதை நாங்கள் நேராகப் பட்டுத்தான் சொல்கிறோம். எங்கட முதல் கதையில் மந்திரவாதியாக இருந்தவன் கொன்ஜுரர். வழிகாட்டி சொன்னபடியே என்சான்ட்மென்டும் எவொகேஷனும் போயிற்று, அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. மூன்றாவது கிழமை ஒரு பாலத்தைக் கடக்க வேண்டி வந்தது. பாலத்தில் நாலு காவலாளிகள். எங்களைத் தேடி ஒரு ஓலை வந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கதைத்துப் பார்த்தோம், டைஸ் கைவிட்டது. ஒரு ஸ்லீப், ஒரு சார்ம் பேர்சன் இருந்திருந்தால் அந்த நாலு பேரும் கொஞ்ச நேரம் நித்திரை கொண்டிருப்பார்கள், அல்லது ஒருவன் "போங்கோ போங்கோ" என்று விட்டிருப்பான். இரண்டுமே நாங்கள் வெட்டின துறைக்குள். கையில் இருந்தது கிரீஸ் மந்திரமும், கூப்பிட்டால் வரும் ஓநாயும். பாலத்தை வழுக்கப் பண்ணி, விழுந்தவர்களை ஓநாய்க்கு விட்டோம். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. சரியான திறம் என்று கைதட்டினோம்.

பிறகு எங்கட டீஎம் அண்ணா ஒவ்வொரு பிணமாக என்ன கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். நாலாவதில், "இவருக்கு யூனிபோர்ம் இரண்டு சைஸ் பெரிசு. கையை மடிச்சு விட்டிருக்கிறார். பொக்கற்றில சம்பளக் காசு, இன்னும் எண்ணிக்கூடப் பார்க்கேல்ல" என்றார். ஒருவரும் அந்தக் காசை எடுக்கவில்லை. நேர்மையாகச் சொன்னால், கொல்லாமல் அடித்து விழுத்தவும் விதி இருக்கு, வாளால் அப்படி அடித்தால் டைஸில் நாலு குறையும், அவ்வளவுதான். எங்களுக்கு அது ஞாபகமே வரவில்லை. ஆனால் அன்றுதான் விளங்கியது, வழிகாட்டிகள் முதலில் வெட்டச் சொல்லும் அந்தத் துறைதான் ஒரு சண்டையை ஆள் சாகாமல் முடிக்க எங்கட மந்திரவாதியிடம் இருந்திருக்கக்கூடிய நல்ல வழி என்று. கணக்குப் போட்டவர்கள் எத்தனை எதிரிக்கு மந்திரம் பிடிக்கும் என்று எண்ணினார்கள். பிடிக்கிற எதிரிகள் யார் என்று பார்க்கவில்லை. மனமுள்ளவர்களுக்குத்தான் அது பிடிக்கும்.

அதற்காக என்சான்ட்மென்ட் புண்ணியத் துறை என்று சொல்ல வரவில்லை. எங்களில் ஒருவன் இன்றைக்கும் அதற்கு எதிரி. "ஒருத்தனை அடிச்சால் அவனுக்கு நீ எதிரி எண்டு தெரியும். சார்ம் பண்ணினால் உன்னைச் சிநேகிதன் எண்டு நம்பிக்கொண்டு நிப்பான். அது அடியை விட மோசம் மச்சான்" என்பான். ஐந்தாம் மட்டத்தில் டொமினேட் பேர்சன் வருகிறது, ஆளையே நாள்கணக்கில் பொம்மை ஆக்கலாம். அவன் ஒரு மந்திரவாதி விளையாடினால் என்சான்ட்மென்டைத்தான் முதலில் விடுவான், எங்களுக்கு அதில் முழுச் சம்மதம். வழிகாட்டி சொன்னவனும் அவனும் ஒரே சொல்லைத்தான் அந்தக் கோட்டில் எழுதுவார்கள். ஆனால் இரண்டும் இரண்டு ஆட்கள்.

இனி அந்தச் சண்டைக்கு வருவோம். இரண்டாவது கதைக்கு மந்திரவாதி விளையாட வந்தவள் ஹொஸ்டலில் இருந்து கோலில் இருந்தாள். தான் என்சான்டர் என்றாள். எல்லாரும் வெட்டும் துறையைச் சிறப்பாக எடுக்கப் போகிறாளாம். சரி, பாலத்துக்குப் பிறகு அதை எதிர்க்க எங்களுக்கு வாயில்லை. விடும் துறை இரண்டும் எவை என்று கேட்டோம். "நெக்ரொமன்சி, எவொகேஷன்." இங்கேதான் கத்தல் தொடங்கியது. மனமில்லாத எதிரி வந்தால் உன்னுடைய துறை வேலை செய்யாது, அப்போது நெருப்பாவது வேணும், அதையும் விட்டால் என்ன செய்வாய்? இலூஷனை விடு. இல்லையென்றால் அப்ஜுரேஷனை விடு. நெக்ரொமன்சியில்கூட நல்ல சாமான் இருக்கு, ரே ஒஃப் என்ஃபீபிள்மென்ட் எதிரியின் பலத்தை உறிஞ்சும், ஃபோல்ஸ் லைஃப் உனக்கே உயிர் கூட்டும், பிணம் எழுப்பத்தான் வேணும் என்றில்லை. நாங்கள் நாலு பேரும் மாறி மாறிச் சொன்னோம். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செத்தவையை எழுப்பி வேலை வாங்கிற புத்தகம் என்ட கையில இருக்க வேண்டாம்" என்றாள். "அப்ப நெருப்பு?" "அதுவும் வேண்டாம். மேலயிருந்து விழுறது ஒண்டும் வேண்டாம்." அவளுடைய ஊர் எது என்று எங்களுக்குத் தெரியும். ஒருவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்ரி கதவைத் தட்டியதும் கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான்.

அவள் விட்டதற்கு விலை வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டாவது நாளே வந்தது. ஒரு தானியக் களஞ்சியத்துக்குள் சிலந்திக் கூட்டம். 3.5இல் கூட்டம் என்பது ஆயிரக்கணக்கான சின்னப் பிராணி ஒன்றாக நகர்வது. சிலந்திக் கூட்டத்துக்கு வாள், அம்பு எதுவும் படாது. பூச்சி என்றபடியால் மனமும் இல்லை, ஸ்லீப் பிடிக்காது. அந்த லெவலில் அதற்கென்றே செய்த மாதிரி ஒரு மந்திரம் இருக்கு, பேர்னிங் ஹான்ட்ஸ். எவொகேஷன்! கோலில் இருந்தவன் ஒருவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் இருக்கு. அவள் மந்திரவாதியாக அன்று செய்ய எதுவுமே இல்லை. பந்தத்தைக் கொளுத்தி வீசினோம், விளக்கெண்ணெய்ப் போத்தலை உடைத்துக் கொளுத்தினோம், களஞ்சியத்தில் பாதி எரிந்தது, எங்கட திருடன் விஷத்தில் படுத்துவிட்டான். களஞ்சியக்காரருக்கு நட்டஈடு கட்ட இரண்டு கிழமை ஆனது. ஆனால் எங்கட முதல் கதை முழுக்க நடந்த பதினைந்து சண்டையில் இன்றைக்கு எங்களுக்கு ஞாபகம் இருப்பது பாலம் மட்டும்தான். இந்தக் களஞ்சியத்தை ஒருவரும் மறக்கப் போவதில்லை. வேண்டாம் என்று வைத்தது வேண்டிய நேரத்தில் இல்லாமல் இருந்ததால்தான் அது கதையானது.

இதற்குப் பிறகுதான் ஒரு வேடிக்கை தெரிய வந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் எதை விடுவது என்று நீங்கள் தெரிவு செய்ய ஏலாது. எட்டுத் துறையையும் ஒரு வட்டத்தில் வரைந்து, உங்கட துறைக்கு எதிரே இருப்பதை விடு என்று புத்தகமே சொல்லிவிடும். நியாயமும் பார்க்காது. டிவினேஷன்காரருக்கு ஒன்று போகும், இலூஷன்காரருக்கு மூன்று போகும். அந்த வட்டத்தில் என்சான்டருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்தால்: எவொகேஷன், நெக்ரொமன்சி. அவள் எழுதிய அதே இரண்டு. அவள் அந்தப் புத்தகத்தைக் கண்டதே இல்லை. உயிரோடு இருக்கிறவரின் மனதோடு வேலை செய்கிறவர், எரிப்பதையும் செத்ததையும் தொடமாட்டார் என்று முப்பத்தைந்து வருடத்துக்கு முதல் யாரோ ஒருவருக்கும் பட்டிருக்கிறது போல. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தளர்த்தி, இன்னின்ன கூட்டுகளில் இருந்து ஒன்றை எடு என்றது. 3.5 வந்ததும் எந்த இரண்டையும் விடலாம் என்றானது. சுதந்திரம் நல்லதுதான், ஆனால் அந்த வாசலால்தான் வழிகாட்டிகளும் வந்தன.

பழைய வட்டத்துக்குத் திரும்பிப் போவோம் என்று சொல்ல மாட்டோம், ஏனென்றால் இந்த எட்டு வேலிகளும் கடவுள் போட்டவை அல்ல. காயம் ஆற்றும் மந்திரத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் பதிப்பில் அது நெக்ரொமன்சி. உயிரோடும் சாவோடும் சம்பந்தப்பட்டதெல்லாம் ஒரே அலுமாரிக்குள். மூன்றாம் பதிப்பில் கொன்ஜுரேஷனுக்குப் போனது. 2014இல் ஐந்தாம் பதிப்பில் எவொகேஷன், நெருப்பு உருண்டைக்குப் பக்கத்தில். 2024 புத்தகத்தில் அப்ஜுரேஷன். மூன்று முறை வீடு மாறியிருக்கிறது, ஆறுகிற காயம் அதேதான். டெலிபோர்ட் 3.0இல் டிரான்ஸ்மியூட்டேஷன், மூன்று வருடம் கழித்து 3.5இல் கொன்ஜுரேஷன். 2002இல் டிரான்ஸ்மியூட்டேஷனை விட்டவர் டெலிபோர்ட்டையும் இழந்தார், 2003இல் விட்டவர் இழக்கவில்லை. ஆசிரியர் குழு இரவோடு இரவாக அலுமாரியை மாற்றி அடுக்கியிருக்கிறது. ஆகவே ‘இந்தத் துறை பலவீனம், அந்தத் துறை பலம்’ என்று அடித்துச் சொல்கிறவர்கள், பதிப்பு எண்ணையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

(துறை என்றதும் ஞாபகம் வருகிறது. ஃபொர்கொட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் தே என்றொரு நாடு. அதை ஆளுகிறவர்கள் சிவப்பு அங்கி மந்திரவாதிகள். துறைக்கொருவராக எட்டு சுல்கிர்கள், நெக்ரொமன்சிக்கு சாஸ் டாம். சிவப்பு மந்திரவாதி ஆக வேணும் என்றால் ஏற்கெனவே விட்டதற்கு மேல் இன்னொரு துறையையும் விட வேணும். படிக்கப் படிக்க ஆள் ஒடுங்கிக்கொண்டு போவார், ஆனால் அந்த ஒடுக்கத்துக்குள் பயங்கரமான ஆள். எட்டுப் பேரும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். பீடக் கூட்டம் நடக்கும் மண்டபத்துக்கு வெளியே காத்திருந்த எவருக்கும் இந்த நாட்டைப் புதிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை.)

அந்தச் சண்டை நடந்த அதே மாதம்தான் எங்களுக்குச் சிறப்புக்கலைக்கு விண்ணப்பப் படிவம் தந்தார்கள். கலைப்பீடத்தில் படிக்கிறவர்களுக்குத் தெரியும்: முதல் வருடம் மூன்று பாடம், பிறகு ஒன்றைப் பிடித்து நாலு வருடச் சிறப்புப் பட்டம், இல்லையென்றால் பொதுப் பட்டம். படிவத்தில் எதை எடுக்கிறாய் என்றுதான் கேள்வி இருக்கும். எதை விடுகிறாய் என்று ஒரு கோடும் இருக்காது. எங்களில் ஒருத்தி புவியியலை எடுத்தாள், அதோடு வரலாறும் தமிழும் போயிற்று. அவளுக்கு வரலாறுதான் உயிர். சீனியர்மார் சொன்ன அறிவுரையை அப்படியே எழுதி, பாடத்தின் பெயரை மட்டும் மாற்றினால் அந்த இணைய வழிகாட்டி வந்துவிடும்: "அதுக்கு ஸ்கோப் இல்லை, உதை விடு. எல்லாரும் உதைத்தான் விடுறவை." பொதுப் பட்டம் எடுத்தவனைப் பார்க்கிற பார்வையும், ஸ்பெஷலிஸ்ட் ஆகாத மந்திரவாதியைப் பற்றி வழிகாட்டிகள் எழுதுகிற தொனியும்கூட ஒன்றுதான். எட்டையும் வைத்திருக்கிறவன் ஏதோ தீர்மானம் எடுக்கத் தெரியாதவன் என்ற மாதிரி. எங்கட மேசையில் ஒருவன் எட்டையும் வைத்திருக்கிறான். ஒன்றையும் விட மனமில்லை என்கிறான். அதுவும் ஒரு மறுமொழிதான்.

வாழ்க்கையையும் விளையாட்டையும் ஒன்றாக்கிப் பாடம் எடுக்க வரவில்லை. வித்தியாசம் பெரியது. மந்திரவாதி பிழையாக விட்டால் புதுத் தாள் எடுக்கலாம். அதனாலேயே, மேசையிலாவது நோகிற மாதிரி விட்டுப் பார்க்க எங்களுக்கு இடம் இருக்கு என்கிறோம். மேசையிலும் ஸ்கோப் பார்த்து விடுவது என்றால் பிறகு என்ன விளையாட்டு?

இப்போது வருகிறவர்களுக்கு இந்தக் கோடுகளே இல்லை என்பதுதான் எங்கட பெரிய மனவருத்தம். 2014இல் இருந்து ஐந்தாம் பதிப்பில் நீங்கள் ஒரு துறையை எடுக்கலாம், எதையும் விடத் தேவையில்லை. 2014 விதிப்படி உங்கட துறை மந்திரத்தைப் புத்தகத்தில் எழுத அரைவாசிச் செலவு, அதோடு துறைக்கென்று சில சலுகை. நெக்ரொமன்சரும் ஃபயர்போல் வீசுவார், என்சான்டரும் ஃபயர்போல் வீசுவார். 1998இல் வந்த முதலாவது போல்டர்ஸ் கேட்டில் எட்வின் ஒரு கொன்ஜுரர், டிவினேஷன் அவருக்கு மூடின கதவு. ஒரு சாமானைக் கண்டெடுத்தால் அது என்னவென்று பார்க்கும் மந்திரத்தைக்கூட அவரால் படிக்க ஏலாது, அவ்வளவு வாய்வீச்சுக்காரர். மூன்றாவது கேமில் கேல் எதையும் படிப்பார், சுருள் கண்ட இடமெல்லாம் படிப்பார். கேலை எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் அவர் தன்னைப் பற்றிச் சொல்வதில் இருந்துதான் அவர் யாரென்று தெரிகிறதே தவிர, அவருடைய புத்தகத்தில் இருந்து இல்லை.

புதுசாக வருகிறவருக்கு இதுதான் இலகு என்பார்கள். அது உண்மை. முதல் நாளே ஒரு பதினெட்டு வயசுக்காரரிடம், நீ இன்னும் வாசித்தே பார்க்காத இரண்டு துறையைச் சாகும் வரை விட்டுவிடு என்று கேட்பது கொடுமைதான். (படிவம் தருகிறவர்களுக்கும் இதைச் சொல்லலாம்.) 2009இல் வந்த பாத்ஃபைண்டர் ஒரு நடுவழி பார்த்தது: எதிர்த்துறை மந்திரத்தையும் படிக்கலாம், ஆனால் ஒன்றுக்கு இரண்டு இடம் பிடிக்கும். கெட்டிக்காரத்தனமான விதி, எங்களுக்கு மட்டும் ஏனோ ஒட்டவில்லை. தண்டப்பணம் கட்டினால் எந்த விரதத்தையும் முறிக்கலாம் என்றால் அதற்குப் பெயர் விரதம் இல்லை, விலைப்பட்டியல். அவர்களும் 2023இல் புத்தகத்தைத் திருத்தி எழுதியபோது எட்டுத் துறையையும் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள்.

எங்கட மேசையில் இப்போது ஒரு சின்ன வழக்கம் வைத்திருக்கிறோம். முதல் லெவலில் கோடு இரண்டையும் வெறுமையாக விடலாம், மூன்றாம் லெவலுக்கு முதல் நிரப்ப வேணும். அதுவரை அந்த மேலதிக மந்திரமும் கிடையாது. நிரப்பும்போது துறைக்குப் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுத வேணும். ‘பலவீனம்’ என்று மட்டும் எழுத ஏலாது. ‘வாத்தியார் அடிச்சார்’ என்று ஒருவன் எழுதினான், ஏற்றுக்கொண்டோம், பிறகு அந்த வாத்தியாரே கதைக்குள் வந்தார்.

என்சான்டருக்கு இப்போது ஆறாம் லெவல். டீப் ஸ்லம்பர் வந்துவிட்டது, ஒரு கூடாரத்தையே நித்திரையாக்குவாள். இரண்டு கிழமைக்கு முதல் ஒரு செத்த மந்திரவாதியின் பெட்டிக்குள் ஃபயர்போல் சுருள் ஒன்று கிடைத்தது. அவளால் அதை வாசிக்க ஏலாது. விற்றால் நல்ல காசு, களஞ்சியக் கடனில் மிச்சத்தையும் கட்டலாம். விற்கவும் மாட்டாள், எரிக்கவும் மாட்டாளாம். வேறு யாரிடமும் போகக்கூடாது என்று தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறாள். அது அங்கே இருப்பது எங்களுக்கும் தெரியும், டீஎம் அண்ணாவுக்கும் தெரியும்.

போன கிழமை முதலாம் வருடத் தம்பி ஒருவன் புதுசாகச் சேர்ந்தான். இலூஷன்காரனாக வரப் போகிறானாம். எதை விட என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்தான். அவள் போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள். அவன் கனநேரம் யோசித்துவிட்டு முதல் கோட்டில் அப்ஜுரேஷன் என்று எழுதினான். காவல் மந்திரமெல்லாம் அதில்தான் இருக்கு, டேய் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரை வந்தது. காரணம் எழுதும் இடத்தில் ‘ஒளிஞ்சு பழகினவன், மறிச்சுப் பழகேல்ல’ என்றிருந்தது. இரண்டாவது கோடு இன்னும் வெறுமைதான். மூன்றாம் லெவலுக்கு இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமை இருக்கு.